ஒளியை எண்ணும் பெட்டி

"சார், கண்ணுக்குத் தெரியாத கோடு படத்துல மட்டும் எப்படி சார் விழுது?"

கேட்டவர் என் பழைய மாணவர். பத்தாம் வகுப்பில் இயற்பியலைக் கண்டால் ஓடியவர், இன்று கும்பகோணத்தில் கல்யாணப் படம் எடுக்கிறார். முந்தைய இரவு எடுத்த வரவேற்புப் படங்களை என் வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பில் திறந்து காட்டினார். படத்தின் குறுக்கே நான்கு கருநிறப் பட்டைகள். அதில் ஒன்று மணப்பெண்ணின் கண்களுக்கு நேராக. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரில் ஒருவர் கண்ணுக்கும் அந்தப் பட்டை தெரியவில்லை.

"கேமரா ரிப்பேரா, லென்ஸ் கோளாறா? இல்ல, சாஃப்ட்வேர்ல சரி பண்ணிடலாமா?"

அன்று தொடங்கியது. அதற்குப் பிறகு மாதம் ஒரு கேள்வியோடு வந்தார். வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் படம் ஏன் புள்ளி புள்ளியாக வருகிறது? பட்டுப்புடவையில் ஏன் வானவில் நெளிகிறது? லேப்டாப்பில் பளிச்சென்று இருந்த படம் ஆல்பத்தில் ஏன் மங்குகிறது? கார்டில் அழித்துவிட்ட படத்தை மீட்க முடியுமா? ஒவ்வொன்றும் தனித்தனிக் கோளாறு போலத் தோன்றும். தேடிப் போனால் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். கேமரா என்பது ஒளியை எண்ணும் கருவி. எண்ணிக்கை போதாத இடத்தில் அது ஊகிக்கிறது. எங்கே எண்ணுகிறது, எங்கே ஊகிக்கிறது என்று தெரிந்த படக்காரருக்குப் பாதித் தொல்லை மண்டபத்திலேயே தீர்ந்துவிடும்.

முற்றத்தில் வைத்த கிண்ணங்கள்

ஃபுல் ஃபிரேம் எனப்படும் கேமராவின் சென்சார் 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ஒரு சிலிக்கான் தகடு. 24 மெகாபிக்சல் கேமராவில் அதன் மேல் அகலவாக்கில் 6,000, உயரவாக்கில் 4,000 என மொத்தம் 2 கோடியே 40 லட்சம் கட்டங்கள் இருக்கின்றன. ஒரு கட்டத்தின் அகலம் 6 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் பத்துக் கட்டங்களை அடுக்கலாம்.

மழைக்காலத்தில் முற்றத்தில் வரிசை வரிசையாகக் கிண்ணங்களை வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் திறந்திருக்கும் நேரம்தான் மழை பெய்யும் நேரம். ஒளி துகள் துகளாக வருகிறது என்று ஐன்ஸ்டைன் 1905இல் விளக்கினார். அந்தத் துகள்தான் ஃபோட்டான். ஒரு ஃபோட்டான் சிலிக்கானில் விழுந்தால் ஓர் எலக்ட்ரான் விடுபட்டுக் கட்டத்துக்குள் சேர்கிறது. ஷட்டர் மூடியதும் ஒவ்வொரு கிண்ணத்திலும் எவ்வளவு சேர்ந்தது என்று கேமரா அளந்து, ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. படம் என்பது அந்த எண்களின் பட்டியல்.

இப்படிச் சேர்ந்த மின்னூட்டத்தை வரிசையாகக் கைமாற்றி வெளியே எடுக்கும் சிசிடி என்ற சில்லை 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கினார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2009இல், இருவருக்கும் அதற்காக நோபல் பரிசு கிடைத்தது. 1975இல் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அத்தகைய சில்லை வைத்து ஒரு டிஜிட்டல் கேமராவைக் கட்டினார். கிண்ணங்கள் வெறும் பத்தாயிரம். கறுப்பு வெள்ளை. ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 வினாடி ஆனது. இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் ஃபோன் வரைக்கும் அடிப்படை அதேதான்: கிண்ணம், மழை, எண்ணிக்கை.

பந்தியில் கடைசி இலை

இப்போது மணப்பெண்ணின் கண்ணை மறைத்த பட்டைக்கு வருவோம்.

பந்தியில் பாயசம் எல்லா இலைக்கும் ஒரே நொடியில் விழுவதில்லை. முதல் இலையில் தொடங்கி வரிசையாக வந்து கடைசி இலையில் முடிகிறது. சென்சாரும் அப்படித்தான். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை வைத்தால், மேல் வரிசை முதலில் ஒளியைச் சேர்த்து எண்ணப்படும். அடுத்த வரிசை ஒரு கணம் தாமதமாக, அதற்கடுத்தது இன்னும் தாமதமாக. ஒரு கேமராவுக்கு மேலிருந்து கீழ்வரை எண்ணி முடிக்க 1/25 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 40 மில்லி வினாடி.

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் இரண்டு முறை உச்சத்தைத் தொடுகிறது. ஆகவே மலிவான மேடை விளக்குகள் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண் அதை ஒரே வெளிச்சமாகக் கலந்துவிடும். கேமராவுக்கு அந்தக் கருணை இல்லை. 40 மில்லி வினாடிக்குள் விளக்கு நான்கு முறை மங்குகிறது. மங்கிய கணத்தில் ஒளி சேர்த்த வரிசைகள் இருண்டுபோகின்றன. நான்கு மங்கல், நான்கு பட்டை. மாணவர் படத்தில் இருந்ததும் நான்கு.

"ஷட்டர் ஸ்பீடு எவ்வளவு வெச்சே?" என்று கேட்டேன்.

"ஐந்நூறு சார். சைலண்ட் மோடு."

1/500 வினாடி என்றால் 2 மில்லி வினாடி. விளக்கின் ஓர் ஏற்ற இறக்கம் 10 மில்லி வினாடி. அதில் ஒரு துணுக்கைத்தான் ஒவ்வொரு வரிசையும் பார்க்கிறது. சில வரிசைக்கு உச்சம் வாய்க்கிறது, சிலவற்றுக்குப் பள்ளம். அதையே 1/100 வினாடியாக வைத்தால் ஒவ்வொரு வரிசையும் எங்கே தொடங்கினாலும் சரியாக ஒரு முழு ஏற்ற இறக்கத்தைச் சேர்த்துக்கொள்ளும். 1/50 என்றால் இரண்டு. எல்லா இலைக்கும் ஒரே அளவு பாயசம். பட்டை மறைந்துவிடும்.

மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுவதும் உதவும். அதன் திரை சென்சாரைப் பெரும்பாலும் 1/250 வினாடியை ஒட்டிய வேகத்தில் கடந்துவிடுவதால் ஒரே படத்தில் பல மங்கல்கள் விழ இடமில்லை. 2014இல் வந்த கேனான் 7டி மார்க் 2 கேமராவில் விளக்கின் துடிப்பைக் கவனித்து, உச்சம் வரும் கணத்தில் ஷட்டரைத் திறக்கும் வசதி இருந்தது. இன்று பல கேமராக்களில் அது உண்டு. 2023 நவம்பரில் சோனி அறிவித்த ஏ9 மார்க் 3 இன்னொரு படி போனது: எல்லாக் கட்டங்களும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் நிறுத்துகின்றன. பந்தி முழுக்க ஒரே நொடியில் பரிமாறல். விளக்கு பள்ளத்தில் இருக்கும் கணத்தில் எடுத்தால் படம் முழுவதும் சற்று மங்கலாகலாம், குறுக்கே பட்டை விழாது.

மேடையின் பின்னால் நிற்கும் எல்இடி திரை வேறு வகை. அதன் சிறு விளக்குகள் மின்சாரத்தின் துடிப்பைப் பின்பற்றுவதில்லை. தானே வினாடிக்கு 1,920 அல்லது 3,840 முறை என்ற கணக்கில் அணைந்து எரிகின்றன, அதுவும் வரிசை மாற்றி வரிசை. அங்கே ஷட்டர் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பதே முதல் மருந்து. சில கேமராக்களில் வேகத்தைத் தசமப் புள்ளி அளவில் நகர்த்தி, திரையில் கோடு மறையும் இடத்தில் நிறுத்தலாம். முதல் உறவினர் மேடை ஏறுவதற்கு முன் இரண்டு நிமிடம் இதற்கு ஒதுக்கினால் போதும். எண்ணப்படாத ஒளியைப் பிறகு சாஃப்ட்வேரில் கொண்டுவருவது அவ்வளவு எளிதல்ல.

தூறலின் புள்ளிகள்

அடுத்த கேள்வி ஐஎஸ்ஓ பற்றி. "ஐஎஸ்ஓ ஏத்தினா கிரெயின்ஸ் வருது சார். ஐஎஸ்ஓதான் படத்தைக் கெடுக்குதா?"

காய்ந்த சிமெண்டுத் தரையில் தூறல் விழும்போது பார்த்திருப்பீர்கள். ஒரு இடத்தில் இரண்டு துளி, பக்கத்தில் ஒன்றுமில்லை, அப்பால் ஐந்து. தரை புள்ளி புள்ளியாக இருக்கும். மழை வலுத்ததும் அந்தப் புள்ளிகள் கரைந்து தரை முழுக்க ஒரே ஈரமாகிவிடும். துளிகள் தம் விருப்பப்படி விழுவதை நிறுத்தவில்லை. எண்ணிக்கை பெருகியதால் வேறுபாடு தெரியாமல் போயிற்று.

ஃபோட்டான்களும் அப்படியே. சராசரியாக 100 ஃபோட்டான் விழ வேண்டிய கட்டத்தில் ஏறத்தாழ 10 கூடவோ குறையவோ விழும். வர்க்கமூலக் கணக்கு இது. பத்து சதவீத ஏற்றத்தாழ்வு. 10,000 விழும் கட்டத்தில் ஏற்றத்தாழ்வு 100, அதாவது ஒரே சதவீதம். இருண்ட மண்டபத்தில் மணமகனின் கறுப்புக் கோட்டு புள்ளி புள்ளியாகத் தெரிவதற்குப் பெரும்பங்கு காரணம் இதுதான். அங்கே தூறல்தான் விழுந்தது. ஒளியின் இயல்பே அப்படி. எவ்வளவு விலை உயர்ந்த கேமராவாலும் இதை மாற்ற முடியாது.

ஐஎஸ்ஓ இதில் என்ன செய்கிறது? சேர்ந்த சிறிய எண்ணைப் பெருக்கிக் காட்டுகிறது. புதிதாக ஒரு ஃபோட்டானையும் கொண்டுவருவதில்லை. பத்து சதவீத ஏற்றத்தாழ்வும் சேர்ந்தே பெருகிக் கண்ணுக்குத் தெரிகிறது. ஐஎஸ்ஓவுக்குப் பயந்து படத்தை இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு சாஃப்ட்வேரில் வெளிச்சம் ஏற்றினால் அதே புள்ளிகள்தான் வரும். சில கேமராக்களில் இன்னும் மோசமாகவே வரும்.

அப்படியானால் மருந்து ஒன்றுதான்: மழையைக் கூட்டுவது. கேமராவோடு வரும் கிட் லென்ஸை ஜூம் செய்தால் அதன் வாய் எஃப் 5.6 வரை சுருங்கிவிடும். விலை குறைந்த 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் அதைவிட 9 மடங்குக்கும் மேல் ஒளியை உள்ளே விடுகிறது. 5.6இன் வர்க்கத்தை 1.8இன் வர்க்கத்தால் வகுத்தால் இந்தக் கணக்கு கிடைக்கும். ஃப்ளாஷை முகத்தில் நேராக அடிக்காமல் வெள்ளைக் கூரையில் திருப்பினால் அந்தக் கூரையே பெரிய விளக்காகிவிடும். புதிய கேமரா உடலுக்குக் கடன் வாங்குமுன் இந்த இரண்டையும் செய்து பாருங்கள் என்றே நான் எல்லா இளம் படக்காரர்களிடமும் சொல்கிறேன்.

செயற்கை நுண்ணறிவால் புள்ளிகளை நீக்கும் வசதி 2023 ஏப்ரலில் லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் வந்தது. வியப்பான வேலை செய்கிறது. ஆனால் அது செய்வது ஊகம். ஆயிரக்கணக்கான படங்களில் கற்றதைக்கொண்டு, இங்கே இப்படித்தான் இருந்திருக்கும் என்று நிரப்புகிறது. மேடைக்கு எதிரே கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முகச் சுருக்கத்தை அது வழவழப்பாக்கிவிடக்கூடும். அந்தச் சுருக்கம் அந்தக் குடும்பத்துக்கு வேண்டும். அளவோடு பயன்படுத்துங்கள், மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

பட்டில் நெளியும் வானவில்

முகூர்த்தப் புடவையில் ஒருநாள் பிரச்சினை வந்தது. நெருக்கமான நெசவுள்ள பட்டு. படத்தில் மடிப்பின் மேல் பச்சையும் ஊதாவுமாக அலைகள் ஓடின. மணப்பெண் வீட்டார், "புடவையில் இது இல்லையே" என்றார்கள். உண்மைதான், இல்லை.

இதைப் புரிந்துகொள்ள ஒரு செய்தி தெரிய வேண்டும். சென்சாரின் கட்டங்களுக்கு நிறம் தெரியாது. எவ்வளவு ஒளி என்று மட்டுமே தெரியும். அதனால் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் ஒரு நிற வடிகட்டி போடப்பட்டிருக்கிறது. நான்கு கட்டங்களில் ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம், இரண்டுக்குப் பச்சை. கோடாக்கின் பிரைஸ் பேயர் வகுத்த இந்த அடுக்குக்கு 1976இல் காப்புரிமை கிடைத்தது. பச்சைக்கு இரட்டைப் பங்கு ஏன்? நம் கண் வெளிச்சத்தின் நுணுக்கத்தைப் பச்சையை ஒட்டிய ஒளியில்தான் மிக நன்றாக உணர்கிறது. பேயர் கேமராவைக் கண்ணுக்கு ஏற்ப அமைத்தார்.

விளைவைக் கவனியுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் 1 கோடியே 20 லட்சம் கட்டங்கள் பச்சையை மட்டும் எண்ணுகின்றன. சிவப்பும் நீலமும் தலா 60 லட்சம். முடிவான படத்திலோ ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிற எண்கள் வேண்டும். ஒன்று அளந்தது. மற்ற இரண்டும் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து ஊகித்தது. நீங்கள் இதுவரை எடுத்த பெரும்பாலான டிஜிட்டல் படங்களில் நிறத்தின் மூன்றில் இரண்டு பங்கு கணக்கிட்டு நிரப்பப்பட்டது.

முகம், வானம், சுவர் எல்லாம் மெல்ல மெல்ல நிறம் மாறுபவை. அங்கே ஊகம் பொய்க்காது. பட்டின் இழைகள் கட்டங்களின் அளவுக்கே நெருக்கமாக ஓடும்போதுதான் தடுமாற்றம். இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டிலும் இல்லாத பெரிய அலைகள் தோன்றும். இழை ஒரு வலை, சென்சார் இன்னொரு வலை. சிவப்பு, பச்சை, நீலக் கட்டங்கள் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் அலைகள் ஒவ்வொரு நிறத்திலும் வேறு வேறாக விழுகின்றன. அதுதான் வானவில். இதற்கு முவாரே என்று பெயர். அந்தப் பெயரே பிரெஞ்சு மொழியில் அலை பாய்வதுபோல் மினுக்கும் ஒருவகைப் பட்டுத்துணிக்கு உரியது. பட்டிலிருந்து வந்த பெயர் பட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது.

முன்பெல்லாம் சென்சாரின் மேல் படத்தை இம்மியளவு மங்கலாக்கும் ஒரு வடிகட்டி வைத்து இதைத் தடுத்தார்கள். கூர்மை வேண்டும் என்று படக்காரர்கள் கேட்டதால் இன்று பல கேமராக்களில் அது இல்லை. 2012இல் நிக்கான் ஒரே கேமராவை டி800, டி800இ என்று இரண்டாக விற்றது. இரண்டாவதில் அந்த மங்கலாக்கும் விளைவு நீக்கப்பட்டிருந்தது. கூர்மை ஒரு கையில், முவாரே அபாயம் மறு கையில்.

மண்டபத்தில் செய்ய வேண்டியது எளிது. ஓரடி முன்னோ பின்னோ நகருங்கள். அல்லது ஜூமைச் சற்று மாற்றுங்கள். இழைக்கும் கட்டத்துக்குமான விகிதம் மாறியதும் அலை மறையும். லைட்ரூமில் இதற்கென்றே ஒரு பிரஷ் கருவியும் உண்டு. ஒரு எச்சரிக்கை: பெரிய படத்தை லேப்டாப் திரைக்குச் சுருக்கிக் காட்டும்போதும் இதே அலை தோன்றும். நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு கவலைப்படுங்கள்.

அரிசியும் சோறும்

ரா ஃபைலா, ஜேபெக்கா என்று படக்காரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ரா என்பது அரிசி. ஜேபெக் சமைத்த சோறு. சோற்றைக் குழைக்கலாம், திரும்ப அரிசியாக்க முடியாது.

ரா ஃபைலில் ஒவ்வொரு கட்டத்தின் எண்ணும் பெரும்பாலும் 14 பிட்டில் இருக்கிறது. அதாவது வெளிச்சத்துக்கு 16,384 படிகள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே. வெள்ளை வேட்டியின் மடிப்பு, ஜரிகையின் மினுக்கு, கூந்தலின் கருமை என்று ஒரே படத்தில் எல்லாம் வேண்டுமென்றால் இந்தப் படிகள்தான் கைகொடுக்கும். வெள்ளைச் சமநிலை என்கிற நிறத் திருத்தமும் ரா ஃபைலில் ஒரு குறிப்பாகத்தான் இருக்கிறது. குத்துவிளக்குச் சுடரின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 1,900 கெல்வின், பகல் வெளிச்சத்துக்கு 5,500. இரண்டும் கலந்த காலைநேர மண்டபத்தில் கேமரா தவறாகக் கணித்தாலும் பிறகு மாற்றலாம். ஜேபெக்கில் அந்தக் கணிப்பு எண்களிலேயே கலந்துவிடும்.

ஒன்றை மட்டும் ராவாலும் மீட்க முடியாது. கிண்ணம் நிரம்பி வழிந்துவிட்டால் எவ்வளவு வழிந்தது என்பதற்குக் கணக்கே இல்லை. வேட்டி முழு வெள்ளையாக வெடித்துப்போனால் அதன் மடிப்பு போனது போனதுதான். கேமராவின் திரையில் அந்த இடம் கண் சிமிட்டிக் காட்டும் வசதியை எப்போதும் இயக்கி வையுங்கள்.

இதனால் ஜேபெக்கைக் குறைவாக எண்ணிவிடக் கூடாது. 24 மெகாபிக்சல் படத்தைச் சுருக்காமல் வைத்தால் 7 கோடியே 20 லட்சம் பைட். ஜேபெக் அதைப் பெரும்பாலும் ஒரு கோடி பைட்டை ஒட்டிய அளவுக்குள் அடக்கிவிடுகிறது. அதன் உள்ளே இருக்கும் கணிதம் நம் பக்கத்து மாநிலத்தில் பிறந்தவருடையது. பெங்களூருவில் பிறந்த நசீர் அகமது, அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தபோது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோரோடு சேர்ந்து 1974இல் தனித்த கொசைன் உருமாற்றம் என்ற முறையை வெளியிட்டார். படத்தை எட்டுக்கு எட்டுச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் 64 அலைகளின் கலவையாக எழுதும் முறை. கண்ணுக்கு அதிகம் உறைக்காத நுண்ணலைகளைத் தோராயமாக எழுதினால் போதும், இடம் மிச்சம். 1992இல் ஜேபெக் தரம் இதன்மேல்தான் எழுந்தது. இன்று உலகில் கைமாறும் படங்களில் பெரும்பகுதி அந்த மூவரின் கணக்கைக் கடந்துதான் வருகிறது. பாடப்புத்தகத்தில் இந்தப் பெயர்கள் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் அந்தத் தோராயம் மேலும் கூடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் மறுபடி சுருங்கும். ஆல்பம் அச்சிடும் லேபுக்கு அனுப்புகிறவர்கள் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

ஐந்து என்றால் எத்தனை?

"லேப்டாப்ல பார்த்தப்ப நல்லா இருந்துச்சு சார். ஆல்பம் வந்து பார்த்தா இருட்டு. லேப்காரர் மேல தப்பா?"

முதல் காரணம் லேப்டாப்பின் வெளிச்சம். திரை தானே ஒளி வீசுகிறது. ஆல்பத்தின் தாள் அறையின் ஒளியைத் திருப்பி அனுப்புவதோடு சரி. வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்த திரை, இருட்டான படத்தையும் பளிச்சென்று காட்டும். அதைப் பார்த்துப் படக்காரர் இன்னும் கொஞ்சம் குறைப்பார். அச்சுக்கான வேலைக்குத் திரை ஒரு சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டலா வரை இருந்தால் போதும். பல லேப்டாப்கள் முழு வெளிச்சத்தில் 300ஐத் தொடுகின்றன.

இரண்டாவது காரணம் இன்னும் சுவையானது. படத்தில் சிவப்பு 200 என்று ஓர் எண் இருக்கிறது. எந்தச் சிவப்பில் 200? சந்தையில் "ஐந்து கொடு" என்றால் படியா மரக்காலா என்று கேட்பார்கள். நிறத்துக்கும் அளவை உண்டு. 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் வகுத்த எஸ்ஆர்ஜிபி ஒன்று. 1998இல் அடோபி வகுத்த, பச்சையையும் நீலப்பச்சையையும் அதிகம் தழுவும் அடோபி ஆர்ஜிபி இன்னொன்று. கேமராவில் இரண்டாவதை வைத்து எடுத்து, முதலாவது என்று நினைத்து அச்சிட்டால், மரக்காலைப் படியாக எண்ணிய கதைதான். நிறம் வெளிறும். கல்யாண வேலைக்குக் கடைசிக் கோப்பை எஸ்ஆர்ஜிபியில், நிறக்குறிப்பையும் சேர்த்து அனுப்புவதே பாதுகாப்பு. லேபிடம் அவர்களின் நிறக்குறிப்புக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். திரையை அளக்கும் சிறு கருவி ஒன்றையும் நாலு படக்காரர்கள் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம்.

அப்படியும் மயில்கழுத்து நிறம் மட்டும் பிடிபடாது. காரணம் நெசவிலேயே இருக்கிறது. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். புடவை அசையும்போது ஒருமுறை நீலம் மேலெழும், ஒருமுறை பச்சை. ஒரு படம் ஒரு கணத்தைத்தான் பிடிக்கும். வேறு வேறு கோணத்தில் மூன்று படங்களை ஆல்பத்தின் ஒரே பக்கத்தில் வைத்தால்தான் அந்தப் புடவைக்கு நியாயம் கிடைக்கும்.

பதிவேட்டில் அடித்த பெயர்

ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு ஃபோன். "சார், கூட வந்த பையன் கார்டை ஃபார்மேட் பண்ணிட்டான். முகூர்த்தம் முழுக்க அதுலதான்."

"அந்தக் கார்டுல அப்புறம் ஏதாவது எடுத்தியா?"

"இல்ல சார்."

"அப்ப பயப்படாதே."

மெமரி கார்டில் படங்கள் ஓரிடம், அவற்றின் பதிவேடு ஓரிடம். ஒரு படத்தை அழித்தால் பதிவேட்டில் ஒரு குறி மாறுகிறது, அவ்வளவுதான். பத்திர அலுவலகத்தில் பெயரை அடித்துவிட்டதால் வீடு இடிந்துவிடாது. கேமராவின் சாதாரண ஃபார்மேட்டும் பெரும்பாலும் பதிவேட்டைத்தான் புதிதாக்குகிறது. புதிய படம் எடுத்தால்தான் பழைய வீட்டை இடித்து அங்கே புதியது கட்டப்படும்.

அதனால் விதி ஒன்றே: படம் தொலைந்தது தெரிந்த கணத்தில் கார்டை வெளியே எடுத்துவிட வேண்டும். பிறகு அதை ரீடரில் போட்டு மீட்பு மென்பொருளால் படிக்க வேண்டும். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய ஃபோட்டோரெக் இலவசமானது. அது பதிவேட்டை நம்புவதில்லை. கார்டு முழுவதையும் வாசித்து ஒவ்வொரு கோப்பு வகையின் தொடக்க அடையாளத்தைத் தேடுகிறது. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டோடு தொடங்கும். மீட்ட படங்களை வேறு டிஸ்கில் எழுத வேண்டும், அதே கார்டில் எழுதக் கூடாது. சில கேமராக்களில் லோ லெவல் ஃபார்மேட் என்று ஒன்று உண்டு. அது உள்ளே இருப்பதையும் துடைத்துவிடக்கூடும். லேப்டாப்பின் எஸ்எஸ்டியில் அழித்ததும் திரும்பக் கிடைப்பது அரிது, ஏனென்றால் காலியான இடத்தை அது தானாகவே துப்புரவாக்கிக்கொள்கிறது.

அன்று அந்த முகூர்த்தம் முழுவதும் கிடைத்தது. விடியும்வரை இருவரும் கணினியின் முன் உட்கார்ந்திருந்தோம்.

கார்டுக்குள்ளும் எலக்ட்ரான்களே இருக்கின்றன. 1967இல் பெல் ஆய்வகத்தில் டாவன் காங்கும் சைமன் ஸீயும் கண்டறிந்த மிதக்கும் வாயில் என்ற அமைப்பு அது. சுற்றிலும் மின்கடத்தாச் சுவர் கட்டி உள்ளே சில எலக்ட்ரான்களைச் சிறைவைப்பது. டோஷிபாவின் ஃபூஜியோ மசுவோகா 1980களில் அதை ஃபிளாஷ் நினைவகமாக வளர்த்தார். ஒளி விடுவித்த எலக்ட்ரானை எண்ணித் தொடங்கிய வேலை, எலக்ட்ரானைச் சிறைவைத்து முடிகிறது. அந்தச் சுவர் பழுதற்றதல்ல. எழுதி அழிக்க அழிக்கத் தேயும். ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் எலக்ட்ரான்கள் மெல்லக் கசியும். மெமரி கார்டு எடுத்துச் செல்லும் பை மட்டுமே. பத்தாயம் அல்ல.

அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய ஒரு விதியைக் கணினி உலகமே இன்று பின்பற்றுகிறது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ. படக்காரர்களே, இரண்டு கார்டு போடும் கேமராவில் இரண்டிலும் ஒரே படத்தை எழுத வையுங்கள். ஆல்பம் கைக்கு வரும்வரை எந்தக் கார்டையும் அழிக்காதீர்கள்.

படம் எடுத்துக்கொண்ட குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுக் கல்யாணப் படங்கள் பென் டிரைவ் ஒன்றில் பீரோவுக்குள் கிடக்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துத் திறந்து பாருங்கள். ஒரு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுங்கள். இன்னொரு பிரதியைச் சம்பந்தி வீட்டில் கொடுத்து வையுங்கள்.